தனுவுக்கு யூரிக் ஆசிட் இல்லை

யூரிக் ஆசிட் என்றால் எங்கள் மச்சான் குணாவுக்குப் பேய் மாதிரி. அது ஏறிவிட்டால் கால் பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்துபோகும். போர்வை உரசினாலே அலறுவான். செம்பனை எண்ணெய் ஆலையில் கனத்த பூட்ஸ் போட்டு நிற்கவேண்டியவன், மாதத்தில் சில நாட்கள் ஜப்பான் சிலிப்பரோடு நொண்டிக்கொண்டு போவான். நெத்திலி கூடாது, கச்சான் கடலை கூடாது, ஆட்டு ஈரல் கூடவே கூடாது என்று என் தங்கை விமலா அவன் தட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான், தன் மகள் தனுவின் ரத்தத்தில் யூரிக் ஆசிட் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று டாக்டர் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான்.

"பாத்தியா மச்சான், எம்மவ தப்பிச்சிட்டா. என் கால் அவளுக்கு வராது லா."

டாக்டர் சிரிக்கவில்லை. இளவயது மலாய்ப் பெண்மணி. ரத்தம் இன்னொரு தடவை எடுக்கவேண்டும் என்றார். சோதனைக்கூடத்தில் யாரோ தவறு செய்திருக்கட்டும் என்று அவர் ஆசைப்பட்டது போலிருந்தது.

இப்போது கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன். தனுவுக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்கப்போகிறேன் என்றபோது, முதுகெலும்பை உடைத்துத்தான் எடுப்பார்கள், அப்புறம் நிமிர்ந்து நடக்கவே முடியாது, கல்யாணத்துக்கும் ஆக மாட்டாய் என்று என்னிடம் சொன்னவர்கள் நிறைய பேர். நல்ல மனிதர்கள்தான். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்கு ஒன்று என்றால், உள்ளது உள்ளபடி யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டோடு படிப்பை விட்டவன். லோரியில் சாமான் ஏற்றி இறக்கினேன். செக்கிஞ்சானில் நெல் அறுப்பு இயந்திரத்தின் பின்னால் அலைந்தேன். பத்தாங் காலியில் டுரியான் பொறுக்கினேன். ஜொகூரில் கோழிப்பண்ணையில் இருந்தேன், அங்கே எதற்கு இருந்தேன் என்று எனக்கே தெரியாது. ஓரிடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கும். போன் நம்பர் மாறும். கோலசிலாங்கூர் பக்கத்தில், பழைய தோட்ட லயத்தை இடித்த பிறகு கிடைத்த தரை வீட்டில் விமலாவும் குணாவும் இருந்தார்கள். தீபாவளிக்குப் போவேன், சில வருடம் போகமாட்டேன்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் எங்கே இருக்கிறான் என்று தெரியாததால் தனுவுக்கு இரண்டு வயது தாண்டியும் காது குத்தவில்லை. நான் சுங்கை ஆயர் தாவாரில் தேங்காய் உரிக்கும் வேலையில் இருப்பது எப்படியோ தெரிந்து, குணா நேரில் வந்து கூட்டிப்போனான். பிள்ளை மடியில் கனமே இல்லாமல் இருந்தாள். வாயோரத்தில் தயிர் ஒட்டியது போல வெள்ளை. அது மருந்து போட்டால் போகும், மறுபடி வரும் என்றாள் விமலா. சளி எப்போதும் உண்டு. இன்னும் நடக்கவில்லை, நிற்கவைத்தால் காற்றில் கொடி ஆடுவது போல் ஆடி உட்கார்ந்துவிடுவாள். ஆசாரி ஊசியைத் தள்ளியபோது கூடப் பெரிதாக அழவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

காது ஆறவில்லை. கடுகளவு துளை. அது வீங்கி, கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸில் கோலாலம்பூரில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இவ்வளவு சின்னக் காயத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டு ஒவ்வொரு சோதனையாகச் செய்தவர்தான் அந்த டாக்டர்.

இரண்டாவது தடவை எடுத்த ரத்தமும் அதையே சொன்னது. வேறு சில சோதனைகளும் வந்து சேர்ந்தபிறகு எங்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார். மலாயில்தான் பேசினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் பியூரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அணு பழசாகி உடையும்போது அது வெளியே வரும். அதைப் படிப்படியாக உடைத்து அகற்ற உடம்பில் என்சைம்கள் இருக்கின்றன. கடைசிப் படியில் அது யூரிக் ஆசிட் ஆகி, மூத்திரத்தில் போய்விடும். தனுவுக்கு நடுப்படியில் இருக்கவேண்டிய ஒரு என்சைம் வேலை செய்யவில்லை. அதற்கு பிஎன்பி என்று சுருக்கப் பெயர். கடைசிப் படிவரை எதுவும் வந்து சேராததால் யூரிக் ஆசிட் இல்லை. அகற்ற முடியாத கழிவு அணுக்களுக்குள்ளேயே தங்கி விஷமாகிறது. மற்ற அணுக்கள் ஓரளவு தாங்கும். வெள்ளை அணுக்களில் டி அணு என்று ஒரு வகை. அவை தாங்காமல் செத்துப்போகும். கிருமியோடு சண்டைபோடுகிற கூட்டத்துக்கு அவைதான் தோட்டத்தில் வேலை ஏவுகிற மண்டோர் மாதிரி. மண்டோர் இல்லாவிட்டால் ஆட்கள் கத்தியோடு நிற்பார்கள், எந்தக் குலையை வெட்டுவது என்று தெரியாது. நரம்புகளையும் அந்த விஷம் தொடும். பிள்ளை நடக்காததற்கு அதுதான் காரணம்.

குணா நாற்காலியை என் பக்கம் இழுத்தான். பிறகு, "எண்ணெ எடுத்த சக்கை வெளிய போற பெல்ட்டு நின்னுட்டா மில்லே அடைச்சிக்கும். அதான?" என்று என்னிடம் கேட்டான். நான் மலாயில் சொன்னேன். ஏறக்குறைய அப்படித்தான் என்றார் டாக்டர்.

பிறகு அவர், "கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் உறவா?" என்று கேட்டார்.

குணா நிமிர்ந்து உட்கார்ந்தான். இது அவன் எப்போதும் பெருமையாகச் சொல்கிற விஷயம். அவனுடைய அம்மா எங்கள் அப்பாவின் கூடப் பிறந்தவள். விமலாவுக்குச் சொந்த அத்தை மகன். வெளியே தேடாமல் நடந்த கல்யாணம். அதை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான், டாக்டர் தலையை மெதுவாக ஆட்டிய விதத்தைப் பார்த்து அவன் குரல் தேய்ந்தது.

யார் மேலும் குற்றம் இல்லை என்றார் அவர். ஒரு மரபணுவில் சின்னப் பிழை. அது அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டாக வரும். ஒருவரிடம் ஒன்று பழுதாகவும் ஒன்று நல்லதாகவும் இருந்தால் எந்தத் தொந்தரவும் வராது. இருவருக்கும் பொதுவான தாத்தாவிடமிருந்து இரண்டு பக்கமும் அது ஓசையில்லாமல் இறங்கி வந்திருக்கும். இரண்டு பழுதும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் நோய்.

நடைபாதையில் விமலா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "அண்ணே, எனக்கு வேற மாப்பிள்ளை பாத்திருந்தா இவ நல்லா இருந்திருப்பாளா?"

"வேற மாப்பிள்ளைன்னா இவ இல்ல. அது வேற புள்ள."

பின்னால் வந்த குணா கேட்டுவிட்டான். "இப்ப என்னை மாத்திடாதீங்கப்பா. இந்தக் காலை வச்சிக்கிட்டு எனக்கு வேற எவ கெடைப்பா?"

விமலா அழுகையோடே சிரித்து அவன் தோளில் அடித்தாள். அவள் சிரித்ததைப் பிறகு பல வாரம் நான் பார்க்கவில்லை.

மருந்தால் இந்த நோய் தீராது. நல்ல அணுக்களை உண்டாக்குகிற மஜ்ஜையை இன்னொருவரிடமிருந்து எடுத்துப் பிள்ளைக்குள் விடவேண்டும். அப்பா, அம்மா இருவரும் பாதிதான் பொருந்தினார்கள். அதை வைத்தும் செய்யலாம், ஆனால் ஆபத்து கூட. தனுவுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. சொந்தத்துக்குள் கட்டியவர்கள் என்பதால் மாமனையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்ல, நானும் ரத்தம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மறந்தும் போனேன்.

என்னுடையது முழுதாகப் பொருந்தியது. டாக்டர் இரண்டு பேனாக்களைப் பொருத்தத்தின் இரண்டு பாதிகளாக மேசைமேல் வைத்து விளக்கினார். ஒன்று எனக்கு அப்பா வழி வந்தது. அதுவே குணாவின் அம்மா வழியாகக் குணாவுக்கும், அவனிடமிருந்து தனுவுக்கும் போயிருந்தது. இன்னொன்று எனக்கு அம்மா கொடுத்தது. அதுவே விமலா வழியாகத் தனுவிடம் இருந்தது. எந்த உறவு நோயைக் கொண்டுவந்ததோ அதே உறவுதான் என்னையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, கடவுளுக்கு இந்த ஓடுகாலிதான் கெடச்சானா?" என்றான் குணா. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

டாக்டர் என்னிடம் மட்டும் தனியாக ஒன்று சொன்னார். புது மஜ்ஜைக்கு இடம் வேண்டும் என்பதால் பிள்ளையின் பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து அழிப்பார்கள். மருந்து ஏற ஆரம்பித்த பிறகு திரும்பிப்போக வழியில்லை. அந்த நேரத்தில் நீங்கள் மனம் மாறினாலோ, காணாமல் போனாலோ, பிள்ளை பிழைக்காது. இப்போதே வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. யாரிடமும் காரணம் சொல்லமாட்டோம். நான் சரி என்றேன். சரி என்று சொல்வது எனக்கு எப்போதும் சுலபம். இருந்து காட்டுவதுதான் வராது.

சிகரெட்டை விட்டேன். சளி பிடித்தவர்கள் பக்கம் போகவில்லை. என் நெஞ்சு, ரத்தம், மூத்திரம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அரசாங்க மருத்துவமனை. வேலைக்குப் போகாததும், போக்குவரத்தும்தான் செலவு. குணாவின் ஆலைக் கூட்டாளிகள் அவனுடைய ஷிப்டைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள்.

தனு கண்ணாடி அறைக்குள் போனாள். அங்கே காற்றையே வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள். விமலா மட்டும் கூட இருந்தாள், முகமூடியும் நீளச் சட்டையும் போட்டு. நாங்கள் வெளியே நின்று சுவரில் மாட்டிய போன் வழியாகப் பேசவேண்டும். பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது சாலைதான். ஆகவே சாலையைச் சொன்னேன். கோலசிலாங்கூரில் கிளம்புகிறோம் தனு, பாலம் வருது, கீழே ஆறு, ஆறு தேத்தண்ணி நெறத்துல இருக்கு. தஞ்சோங் காராங்குல மீன் காயப் போட்டிருக்காங்க, மூக்கைப் பொத்திக்க. இப்ப ரெண்டு பக்கமும் நெல்லு, நெல்லுக்கு மேல கொக்கு. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "அப்றம்?" என்பாள். அவள் பேசிய சில சொற்களில் அது ஒன்று.

மத்தியானங்களில் அந்த நடைபாதைக்கு ஒரு விதமான வெளிச்சம் வரும். வெளியே மழைக்கு முந்தைய வானம், உள்ளே வெள்ளை விளக்கு. இரண்டும் கலந்து எல்லோர் முகமும் தண்ணீருக்கு அடியில் தெரிவது போல் இருக்கும். நான் சொல்லிக்கொண்டே போக, சாலை எனக்கு நிஜமாகவே கண்ணாடியில் ஓடும். தென்னை வரிசைகள் தனுவின் படுக்கைக்குக் குறுக்கே போகும். மருந்துப் பையிலிருந்து சொட்டு விழும் இடத்தில் மழை பெய்யும். மிஸ்ஸி, அதாவது வார்டு நர்ஸ், வந்து தோளைத் தொட்டால்தான் நான் நிற்கிற இடம் எது என்று தெரியும். அவர் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். மறுநாள் அதன்மேல் ஒரு மெத்தைத் துண்டும் இருந்தது.

மருந்து ஏற ஆரம்பித்தது. தனுவின் முடி தலையணையில் உதிர்ந்தது. வாய் முழுக்கப் புண். "அப்றம்" என்பதும் நின்றுபோனது. கையால் போனைத் தட்டுவாள், நான் தொடரவேண்டும்.

அந்த நாட்களில் ஒன்றில் நான் வடக்கே போகும் பஸ்கள் நிற்கிற இடத்துக்கு நடந்து போனேன். ஓடிப்போக வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. கால் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து பஸ்களின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயர்களைப் படித்தேன். எனக்கு ஊசி பயம் இல்லை. லோரியிலிருந்து விழுந்திருக்கிறேன், பாராங் கத்தி காலில் இறங்கியிருக்கிறது. பயம் வேறு. என் உடம்பிலிருந்து எடுத்தது அவளுக்குள் பிடிக்காமல் போனால்? எதையும் ஒழுங்காக முடிக்காத ஆளின் மஜ்ஜை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஜப்பான் சிலிப்பர் சத்தம் கேட்டது. குணா வந்துகொண்டிருந்தான். அவனுக்குக் கால் வீங்கியிருந்த நேரம். சுவரையும் தூணையும் பிடித்துப் பிடித்து வந்து, பக்கத்தில் விழுவது போல் உட்கார்ந்தான். கையில் பொட்டலச் சோறு.

"ஓடி உன்னப் புடிக்க என்னால முடியாதுடா மச்சான். கால பாரு, பப்பாளி மாதிரி."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"உன்னைக் கோயில்லயா போய்த் தேடுவேன்?"

சபாக் போகிற பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. குணா அதைப் பார்த்தான். பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தான். "நெத்திலி சம்பல். நான் திங்கக்கூடாது. நீ ஏறுறதா இருந்தா இப்பவே ஏறு, எனக்கு வாசனை அடிச்சிக்கிட்டிருக்கு. இல்லன்னா தின்னு."

அவன் குரல் விளையாட்டாகத்தான் இருந்தது. கைதான் பொட்டலத்தின் ஓரத்தை விடவில்லை. நான் சாப்பிட ஆரம்பித்தேன். பஸ் கதவு மூடிக்கொண்டு போனது. அவன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் சம்பல் வைடா" என்றான்.

"விமலா கொன்னுடுவா."

"அவ கண்ணாடிக்குள்ள இருக்கா."

திரும்பும்போது அவன் என் தோளில் கைபோட்டு நடந்தான். பார்த்தவர்கள் நான் அவனைக் கூட்டிப்போவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

மஜ்ஜை எடுப்பது இப்படித்தான். மயக்க மருந்து கொடுத்துக் குப்புறப் படுக்கவைக்கிறார்கள். இடுப்பு எலும்பின் பின்பக்கம் ஊசி வைத்து உறிஞ்சுகிறார்கள். முதுகெலும்பைத் தொடுவதே இல்லை. எதையும் வெட்டுவதில்லை. எடுத்தது சில வாரத்தில் உடம்பிலேயே மறுபடி ஊறிவிடும். கண் விழித்தபோது தேங்காய்க் குவியலிலிருந்து சறுக்கி உட்கார்ந்து விழுந்தது போல வலித்தது. சில நாளில் போய்விட்டது. எடுத்ததைப் பார்க்கவேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். அவர்கள் எடுத்திருந்த படத்தைக் காட்டினார்கள். ஒரு பையில் கறுஞ்சிவப்பாக, கெட்டியான ரோஸ் சிரப் போல. அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார் மிஸ்ஸி.

அது தனுவுக்குள் போனதும் அப்படித்தான். அறுவைச் சிகிச்சை இல்லை, கத்தி இல்லை. ரத்தம் ஏற்றுவது போல் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக. மஜ்ஜை தானாகவே எலும்பைத் தேடிப் போய்க் குடியேறும் என்றார்கள். யாரும் வழி காட்டுவதில்லையாம். சக்கர நாற்காலியில் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. பாதியில் தூங்கிவிட்டேன்.

பிறகு காத்திருப்பு. வெள்ளை அணுக்கள் எதுவுமே இல்லை என்று தினமும் காலையில் சொல்வார்கள். காய்ச்சல் வந்தது, இறங்கியது, வந்தது. ஒரு காலை டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நடைபாதையில் வேகமாக வந்தார். அணுக்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. கொஞ்சம்தான், ஆனால் இருக்கின்றன. குணா அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், கூடாது என்று நினைவு வந்து, என்னைக் கட்டிப்பிடித்தான். என் இடுப்பு அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் கத்தினேன்.

அவை யாருடைய அணுக்கள் என்று எப்படித் தெரியும் என்று விமலா கேட்டாள். தனு பெண், நான் ஆண். தனுவின் ரத்தத்தில் ஆண் அணுக்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும், அவை என்னுடையவை. அந்தச் சோதனையின் முடிவு வந்தபோது, அவளுடைய ரத்தத்தில் அநேகமாக எல்லாம் நானாக இருந்தேன். அவை அந்த என்சைமையும் கொண்டுபோயிருந்தன. யூரிக் ஆசிட் மெல்ல ஏறியது. குணா அதற்கு நன்றி சொன்னான், தன் காலைப் பார்த்துக்கொண்டே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். நரம்பில் ஏற்கெனவே நடந்தது முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தனு நடை பழகும் பயிற்சிக்குப் போகிறாள். சக்கரம் வைத்த சட்டத்தைப் பிடித்து நடப்பாள், கால் உள்பக்கம் மடங்கும். வீட்டுக்கு வந்தபிறகும் மாதக்கணக்கில் மண் கூடாது, கூட்டம் கூடாது, பூனை கூடாது. நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். உள்ளங்கால் அரித்தது, சொறிந்துகொண்டு இருந்தேன். இனி தனுவை வெளியே விடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, விமலாவே என் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு எப்போதாவது என்னிடமிருந்து இன்னும் கொஞ்சம் அணுக்கள் தேவைப்படலாம் என்று சொல்லியிருந்தார்கள். "நம்பரை மட்டும் மாத்திடாத அண்ணே" என்றாள்.

மாற்றவில்லை. இப்போது மறுபடி சுங்கை ஆயர் தாவாரில் தேங்காய் உரிக்கிறேன்.

போன வாரம் வேலை நேரத்தில் போன் அடித்தது. விமலா நம்பர். அவள் அந்த நேரத்தில் கூப்பிடுவதே இல்லை. எடுப்பதற்குள் கை வழுக்கிப் போன் மட்டைக் குவியலில் விழுந்தது. தேடி எடுத்துக் காதில் வைத்தபோது மூச்சு மட்டும் கேட்டது.

"மாமா. நான் வுழுந்துட்டேன்."

"எங்க வுழுந்த?"

"வெளிய. ரோட்ல. முட்டில ரத்தம்."

"எப்ப? இப்பவா?"

"இல்ல. அன்னிக்கு." கொஞ்சம் யோசித்தாள். "காஞ்சி போச்சு மாமா. நான் பிச்சிட்டேன்."

"பிச்சிட்டியா? அப்புறம்?"

"மறுபடி காஞ்சிச்சு."

பின்னாலிருந்து விமலாவின் குரல் வந்தது. "போன எடுக்காதன்னு சொன்னேன்ல. அந்தக் கைய முட்டியில வைக்காதடி, வச்ச, கைய ஒடைச்சிருவேன் பாத்துக்க." தனு சிரித்துக்கொண்டே போனைக் கீழே போட்டுவிட்டாள்.